டெல்மருக்கு நான் சொன்ன வைத்தியம்

எங்கள் பக்கத்தில் மான் அடித்தவன், எல்க் என்ற பெரிய காட்டுமான் அடித்தவன், கரடி அடித்தவன் எல்லோரும் கடைசியில் டெல்மர் நைகார்டின் கொட்டகை வாசலில்தான் வண்டியை நிறுத்துவார்கள். தோலுரித்து, எலும்பு நீக்கி, துண்டு போட்டு, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். முப்பது வருடமாக அதுதான். பொட்டலத்தின் மேல் வேட்டைக்காரனின் பெயரோடு ஒரு வரி கூடுதலாக எழுதுவான். "ஓடும்போது சுட்டது, நிறைய நேரம் வேகவை" என்று என் பொட்டலத்தில் ஒரு தடவை எழுதியிருந்தான். காயத்தைப் பார்த்தே சுட்டவன் நின்று சுட்டானா, பதறிச் சுட்டானா என்று சொல்லிவிடுவான். எல்க்கின் பின்னந்தொடையை அவன் பிரித்தெடுத்தால் எலும்பில் இணுக்குச் சதை ஒட்டியிருக்காது.

அந்த வலது கை இன்றைக்குச் சட்டைப் பொத்தான் போடாது. அதில் என் பங்கு என்ன என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர் என்னைக் குறை சொல்லவில்லை. டெல்மரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் பெயர் வெண்டல். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஆணி, வேலிக்கம்பி, குழாய், பெயிண்ட். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய துப்பாக்கிகள். என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாவு வீட்டில்கூட என்னைக் கண்டால் நாலு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார்கள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டதோ இன்னொருவன்.

தொண்ணூற்று நாலாம் வருடம் மார்ச் மாதம். கண்ணாடிப் பெட்டியில் அப்போது ஒரு ரிவால்வர் கிடந்தது. நாற்பத்து நாலு மேக்னம், ஏழரை அங்குலக் குழல், தூக்கிப் பிடித்தாலே மணிக்கட்டு இறங்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் அதன் முதுகில் இருக்கும் குதிரை என்கிற சின்னச் சுத்தியலைக் கட்டைவிரலால் மடக்கி இழுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் விசை வேலை செய்யும். வெடித்தால் கைப்பிடி உள்ளங்கைக்குள் சுழன்று குழல் வானத்தைப் பார்க்கும். விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையம் நடுவிரல் முட்டியில் ஒரு போடு போடும்.

அதே ரிவால்வரை நான் மூன்று தடவை விற்றிருக்கிறேன். மூன்று பேரும் அதோடு ஐம்பது தோட்டா உள்ள பெட்டி ஒன்றையும் வாங்கிப் போனார்கள். மூன்று பேரும் சில வாரங்களில் திரும்பி வந்து, "மனைவிக்குப் பிடிக்கவில்லை", "வேறு ஒன்று பார்த்திருக்கிறேன்" என்று இழுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் சரியாக ஆறு தோட்டா குறைந்திருக்கும். ஒரு சுற்று சுட்டதுமே ஆசை தீர்ந்துவிடும். அந்த மூவரில் ஒருவன் தபால் நிலையத்து கேரி. அவனை ஒரு வருடம் விடாமல் ஓட்டினேன்.

இப்படிப்பட்ட பண்டத்தைத்தான் டெல்மர் கேட்டான். வாழ்நாள் முழுக்க நீளத் துப்பாக்கி மட்டும் பிடித்தவன், கைத்துப்பாக்கிப் பக்கமே வராதவன்.

"அந்தப் பீரங்கிய எடு, பாக்கலாம்."

"எதுக்குடா? தொடை வெட்டக் கத்தி பத்தலையா?"

"கரடிக்கு."

"உன் கொட்டகைக்கு வர்ற கரடி எல்லாம் செத்த கரடிதானேடா. செத்தத மறுபடியும் சுடப் போறியா?"

சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ரிவால்வரை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். உருளையைச் சுற்றிக் கிளிக் கிளிக் என்ற சத்தத்தைக் கேட்டான்.

"கைய ரொம்ப அடிக்குமா?"

"கேரியக் கேளு. ஒரு வாரம் இடது கையால முத்திரை குத்தினான்."

விலை பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். கூடவே தோட்டா, ஒன்றல்ல, நாலு பெட்டி. ஆறு சுட்டுவிட்டுத் திரும்புகிறவன் நாலு பெட்டி வாங்கமாட்டானே என்று அப்போது தோன்றியது. ஆனால் நான் யோசிக்கிற ஆள் இல்லை, பேசுகிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து நாங்கள் நாலைந்து பேர் ஊருக்கு வெளியே ஜல்லிக்குழிக்குப் போவது வழக்கம். குழியின் மண்சரிவில் ஓர் இரும்புத் தட்டைத் தொங்கவிட்டிருப்போம். பட்டால் டங்கென்று மணி அடிக்கும். அந்தத் தட்டை முந்நூறு அடி தூரத்திலிருந்து நீளத் துப்பாக்கியால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான் டெல்மர் என்று நாங்களே வெளியூர்க்காரர்களிடம் அளப்போம். அன்றைக்கு அறுபது அடியில் நின்று ஆறு ரவை சுட்டான். ஒரு மணியும் அடிக்கவில்லை. எல்லாம் தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பின.

எங்களுக்குள் ஒரு பழைய சோதனை இருக்கிறது. பெரிய துப்பாக்கி கையை உதைக்கும் என்று உடம்புக்குத் தெரியும். அதனால் வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே கை பயந்து குழலைக் கீழே அமுக்கிவிடும். அமுக்கியதை வெடிச்சத்தம் மறைத்துவிடும், சுடுகிறவனுக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழி, வேறொருவன் வாங்கித் தோட்டா போட்டுக் கொடுப்பது. நல்ல தோட்டாவுக்கு நடுவில் சுட்டு முடித்த காலித் தோட்டாவையும் கலந்துவிட வேண்டும். எது எங்கே என்று சுடுகிறவனுக்குத் தெரியக் கூடாது. காலித் தோட்டாவின்மேல் குதிரை விழும்போது குழல் அசையாமல் நின்றால் அவன் சுத்தமான ஆள். குனிந்தால் பயந்தாங்கொள்ளி.

ரிவால்வரை வாங்கி முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தேன். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது, 'டிக்'. குழல் ஒரு சாண் கீழே போய்விட்டது.

"பாத்தீங்களாய்யா, கும்பிடு போடுது!" என்று நான்தான் முதலில் கத்தினேன். "டெல்மரோட துப்பாக்கி குழிக்குள்ள இருக்கற கல்லுக்கெல்லாம் கும்பிடு போடுது!"

கேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வருடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆள் கிடைத்தான். "சாமி, எங்களையும் ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று தலையைக் குனிந்து நின்றான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

டெல்மர் கோபப்படவில்லை. என்னை மட்டும் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"வெண்டல், வெளையாடாம சொல்லு. இது அந்தப் பயம்தானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்னடா இருக்கும்? ஐம்பது வயசுல கல்யாணப் பொண்ணு மாதிரி நடுங்கற. கை உனக்கு முன்னாடியே வீட்டுக்கு ஓடுது."

"சரி பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம். தெனம் சாயங்காலம் காலித் தோட்டாவப் போட்டு நூறு தடவ குதிரைய இழுத்து விடு. ஞாயித்துக்கிழமை இங்க வந்து ரெண்டு பெட்டி சுடு. எலையுதிர் காலம் வர்றதுக்குள்ள பயம் போயிடும்."

முகம் மலர்ந்து என் தோளில் தட்டினான். எவ்வளவு கிண்டல் செய்தாலும் தாங்குகிறானே, பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தான். அந்தக் கோடை முழுவதும் ஒரு ஞாயிறு தவறவில்லை. முட்டித்தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. ஆனால் தட்டு மணியடிக்கவில்லை. கும்பிடும் நிற்கவில்லை, கூடத்தான் செய்தது. விசையை ஒரு விரலால் இழுக்காமல் கை முழுவதையும் போட்டுப் பிசைந்தான். ஜூன் மாதக் கடைசியில் குதிரையை வலது கட்டைவிரலால் மடக்காமல் இடது கையைக் கொண்டுவந்து மடக்க ஆரம்பித்தான். பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். "சோம்பேறி, அதுக்கு ஒரு வேலைக்காரன் வச்சுக்கோ" என்று சொன்னேன்.

'கும்பிடு' என்பது அதற்குள் அவன் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. தேவாலயத்து விருந்தில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டுகிறவர்கூட அவனைப் பார்த்துத் தலையைக் குனிவார். அவனும் பதிலுக்குக் குனிவான்.

ஜூலையில் அவன் மனைவி ஆர்லிஸ் கடைக்கு வந்தாள். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கதவுக் கீல் வேண்டும் என்று வந்தவள் கீலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெண்டல், சாயங்காலம் ஆனா டிக்கு டிக்குனு ஒரே சத்தம். எனக்குத் தல வலிக்குது."

"பயிற்சி ஆர்லிஸ். உன் புருஷன் வீரன் ஆகப் போறான்."

"ரெண்டு காபிக் கோப்பையப் போட்டு ஒடச்சுட்டான். நேத்து ஷூ கயிறு கட்ட முடியாம ஒக்காந்திருந்தான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னு பாக்கறேன். நான் சொன்னா எரிஞ்சு விழறான். நீ சொன்னா கேப்பான்."

"நூறு தடவ அந்தக் குதிரைய இழுத்தா யாருக்கும் கை அசந்துதான் போகும். பயத்துக்கு எந்த டாக்டர் மாத்திரை குடுப்பான்? வேட்டைப் பருவம் முடியட்டும், அப்பவும் இப்படியே இருந்தா நானே வண்டில ஏத்திட்டுப் போறேன்."

கையில் இருந்த கீலை அவள் மேசைமேல் வைத்தாள். பிறகு ஒன்றும் வாங்காமலே போய்விட்டாள்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. நான் அடித்த எல்க்கைக் கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பொட்டலங்களை வாங்கிக்கொள்ளலாம் என்று மதியம் கொட்டகைக்குப் போனேன். கூரையிலிருந்து பதினோரு உடல்கள் தொங்கின. இன்னும் ஏழு வண்டி வெளியே நின்றது. இதற்கு முந்தைய வருடங்களில் அந்தச் சனிக்கிழமைக்கெல்லாம் கொட்டகை பாதி காலியாகியிருக்கும். டெல்மர் மேசையருகே நின்று ஒரு தோள்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். வெட்டிய துண்டுகள் கோணல் மாணலாக இருந்தன. எலும்பில் சதை பிசிறு பிசிறாகத் தொங்கியது.

"என்னடா இது, நாய் கடிச்ச மாதிரி? கறிக்கும் கும்பிடு போடறியா?" என்றேன்.

"பேசாம நில்லு. பின்னாடி ஆள் நிக்குது."

கத்தி எலும்பில் முட்டி நின்றது. அவன் அழுத்தினான். கொழுப்பு வழுக்க, அவன் விரல்கள் பிடியிலிருந்து நழுவிக் கத்தியின் வாய்மேலேயே ஏறிக்கொண்டன. விரல் கத்திமேல் இருக்கும்போதே மறுபடியும் அழுத்தினான். அழுத்தி, இழுத்தான்.

"டெல்மர், கை!"

"என்ன?"

"கையப் பாருடா!"

குனிந்து பார்த்தான். மேசைமேல் விரித்த வெள்ளைக் காகிதம் சிவந்துகொண்டே போனது. "எல்க் ரத்தம்" என்றான். மூன்று நாள் தொங்கிய எல்க்கில் ரத்தம் எங்கே இருக்கும்? அது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். கையைத் திருப்பினான். நாலு விரலிலும் எலும்பு தெரிய வெட்டு. அவன் முகத்தில் வலி இல்லை. வலியே இல்லை என்பதைப் பார்த்ததும் என் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி, அவனை வண்டிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கிரேட் ஃபால்ஸ் நகரத்து மருத்துவமனையில் தையல் போட்ட மருத்துவர் விரலை விட்டுவிட்டுக் கழுத்தைப் படம் எடுக்கச் சொன்னார். கழுத்து முள்ளெலும்பு வளர்ந்து உள்ளே ஓடும் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் அறுவை செய்தார்கள். நெரிப்பு போய்விட்டது. இனி மோசமாகாது, ஆனால் போனது திரும்பாது என்றார்கள். வசந்த காலத்திலேயே வந்திருந்தால் கை பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்றும் சொன்னார்களாம்.

ஆர்லிஸ்தான் இதை என்னிடம் சொன்னாள், மருத்துவமனைத் தாழ்வாரத்தில். சத்தம் போடவில்லை. "ஜூலைல கேட்டேன், வெண்டல்" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னை அறைந்திருக்கலாம்.

அந்தக் கோடையில் அவன் சுட்ட ரவை ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை உலுக்கியிருக்கும். அதனால் கேடு கூடியதா என்று மருத்துவரிடமே கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாத பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குளிர்காலம் முழுவதும் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய எனக்கே கூச்சமாக இருந்தது. கொட்டகையில் இருந்த அறுக்கும் இயந்திரம், கொக்கிகள், மேசை எல்லாவற்றையும் பக்கத்து மாவட்டத்துக்காரன் ஒருவன் வாங்கிப் போய்விட்டான் என்று கேரி வந்து சொன்னான். அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் காலை கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் தழும்பு. வலது கை மேசைமேல் பாதி மடங்கிக் கிடந்தது. ஆர்லிஸ் எனக்குக் காபி ஊற்றினாள். அதுவே பெரிய தயவு.

வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஆரம்பித்தேன். "டெல்மர், எல்லாம் என்னாலதான். நான் அன்னிக்கு ஊரக் கூட்டிச் சிரிச்சு..."

"நிறுத்து" என்றான். "நான் ஒண்ணு சொல்றேன். ஆர்லிஸுக்கே போன வாரம்தான் சொன்னேன்."

கையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"போன வருஷம் ஜனவரிலயே கத்தி கைய விட்டு நழுவ ஆரம்பிச்சுடுச்சு. விரல் நுனி மரத்துப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. எங்க அப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் வந்தது. அவன் அப்பாவை நான் கட்டிலில் பார்த்திருக்கிறேன். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு, கடைசியில் மூச்சு. இரண்டு வருடம். மருந்தே இல்லாத நோய். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். ஆனால் போன கோடை முழுவதும் மகனின் கை என் முன்னால் கெட்டுக்கொண்டிருந்தபோது அப்பனின் கை ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை.

"டாக்டர்கிட்ட போனா அந்தப் பேரச் சொல்லிடுவார்னு பயம். அதான் அந்த ரிவால்வர வாங்கினேன். கை நடுங்கினா துப்பாக்கி அடிச்சுடுச்சுன்னு சொல்லிக்கலாம். ஆர்லிஸுக்கும் சொல்லிக்கலாம், எனக்கும் சொல்லிக்கலாம். ஆனா உள்ளுக்குள்ள தெரியுமில்ல? சுட்டுட்டு வர்றதுக்கு முன்னாடியே கை கெட்டுப் போச்சுன்னு."

ஆர்லிஸ் சன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"அன்னிக்குக் குழில நீ காலித் தோட்டாவப் போட்டுக் குடுத்த. பயம், வேற ஒண்ணும் இல்லன்னு சொன்ன. இந்த ஊர்ல துப்பாக்கியப் பத்தி உன்னவிடத் தெரிஞ்சவன் யாரு? அதான் தனியாக் கூட்டிட்டுப் போய் இன்னொரு தடவ கேட்டேன். அப்பவும் அதையேதான் சொன்ன. உன்னக் கட்டிப் புடிச்சு அழணும்போல இருந்துச்சு வெண்டல். நீங்க எல்லாரும் 'கும்பிடு, கும்பிடு'ன்னு கூப்பிடறப்பல்லாம் எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? எங்க அப்பாவுக்கு வந்தது இல்லன்னு ஊரே சொல்ற மாதிரி இருக்கும்."

நல்ல கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டான்.

"அந்த எட்டு மாசம் பயமில்லாம தூங்கினேன். அது நீ குடுத்தது."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் நன்றி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மாதத்தில்தான் கை போனது. மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.